தவறான விடைக்கு ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை அண்ணன் வண்டியோடு வந்து கல்லூரி விடுதியிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டிப்போவதாக முடிவாகிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில், வணிகவியலில் ஓர் இடம் காலியாக இருந்தது. அண்ணனின் சலவைக் கடைக்குத் துணி போடும் ஒருவர் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவரைப் பிடித்து, வாரக் கடைசி வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள அண்ணன் ஏற்பாடு செய்திருந்தான். இதில் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. "என்னால முடியல, கூட்டிட்டுப் போயிடுங்க" என்று போனில் அழுதவள் அவள்தான்.

பள்ளியில் அவள்தான் எப்போதும் முதல். அதற்கு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி எளியது. சந்தேகமே இல்லாமல் தெரிந்தால் வாயைத் திறப்பாள், இல்லையென்றால் மாட்டாள். தெரியாதவள் என்று யாரும் அவளை நினைத்ததில்லை, ஏனென்றால் தெரியாத இடத்தில் அவள் இருந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இருக்காது. கல்லூரிக்கு வந்த பிறகு எதுவுமே சந்தேகமில்லாமல் தெரியவில்லை. பெரிய அரங்கில் கணக்கு ஆசிரியர் பலகையைப் பார்த்தே பேசினார். அவள் ஒரு வரியை எழுதி நிமிர்வதற்குள் அடுத்த சில வரிகளை அவர் அழித்திருப்பார். முதல் தேர்வில் வந்த மதிப்பெண்ணைப் பார்த்தபோது, விடைத்தாளில் இருந்தது தன் கையெழுத்துதானா என்று திருப்பிப் பார்த்தாள். தன்னுடையதுதான்.

விடுதி அறையில் கூட இருந்தவளுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்திருந்தது. தூங்கும் நேரம் தவிர ஒலிபரப்பு நிற்காது. ரேடியோ இவளுக்கு வைத்த பெயர் அமுக்குணி. "வாயத் தொறந்தா பல்லு கொட்டிடுமாடி?" என்று கேட்பாள். அதற்கும் இவள் சிரித்து வைப்பாளே தவிர பதில் சொல்வதில்லை.

ஒரே ஒரு வகுப்பு மட்டும் அவளை வேறு மாதிரி படுத்தியது. காலையில் முதல் மணி, இயற்பியல்.

பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஆய்வகத்தை ஒட்டிய அறை அது. சுவரின் முழு அகலத்துக்கும் கரும்பலகை. பாடம் எடுத்த மேடத்துக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். முதல் நாள் அவரை மேல் வகுப்பு மாணவி என்று நினைத்து, "இங்க ஆள் வருது" என்று முன்வரிசையில் ஒருத்தி பையை நகர்த்தி இடம் மறித்தாள். மேடம் நேராக மேடை ஏறி, மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தார். விளிம்பு வரை தண்ணீர். அதில் ஒரு பனிக்கட்டி மிதந்தது.

"இது உருகினா தண்ணி மட்டம் என்ன ஆகும்?"

கேள்வி முடிவதற்குள், "மாறாது மேடம்" என்றான் ஒருவன். அன்றே அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் நிலைத்துவிட்டது.

"சரியான விடை" என்று மேடம் அதைப் பலகையின் மூலையில் பொடி எழுத்தில் எழுதினார். "இது எங்கயும் ஓடிப்போகாது, அங்கயே இருக்கட்டும். தப்பான விடை யார்கிட்ட இருக்கு?"

வகுப்பு திருதிருவென்று முழித்தது.

"ஒருத்தர்கிட்டயும் இல்லையா? அப்ப எல்லாரும் ஏற்கெனவே படிச்சு முடிச்சிட்டீங்க. நான் டீ குடிக்கப் போகலாம்."

யாரோ தயங்கித் தயங்கி, "ஏறும்" என்றார்கள். இன்னொரு மூலையிலிருந்து, "இறங்கும்" என்று வந்தது. மேடம் அந்த இரண்டையும் பலகை நடுவில், கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல் அழகாக, பெரிதாக எழுதினார்.

"இப்ப வேலைய ஆரம்பிக்கலாம். 'ஏறும்'கறது நல்ல விடைதான். தன்னோட கேள்விய விட்டுட்டு வழி தவறி இங்க வந்து நிக்குது. அதுக்குச் சொந்தமான கேள்வி எது? தேடுங்க."

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை அவள் அதற்கு முன் எந்த வகுப்பறையிலும் பார்த்ததில்லை. பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் மறித்துப் பேசினார்கள். மணியடிக்கும்போது இரண்டு கேள்விகளும் கிடைத்திருந்தன. டம்ளரில் இருப்பது உப்புத் தண்ணீராக இருந்தால் மட்டம் ஏறும். பனிக்கட்டிக்குள் ஒரு கல் உறைந்திருந்தால், அது உருகியதும் இறங்கும். விடை சொன்ன இருவரையும் மேடம் கூப்பிட்டு, அவரவர் விடைக்குக் கீழே அந்தக் கேள்வியை எழுதச் சொன்னார். எழுதிய பிறகுதான் பலகையைத் துடைத்தார்.

அவளுக்கும் சரியான விடை தெரிந்திருந்தது. அது மூலையில், பொடி எழுத்தில், யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தது.

கேள்வி கிடைக்கும் வரை தவறான விடையை அழிப்பதில்லை என்பது அந்த வகுப்பின் வழக்கமானது. சில விடைகள் பல நாள் பலகையிலேயே இருந்தன. அடுத்த மணிக்கு வரும் வேதியியல் ஆசிரியர், எழுத இடமில்லை என்று புலம்பிக்கொண்டே மிச்சமிருந்த சந்து பொந்துகளில் எழுதிவிட்டுப் போவார். மேடத்திடம் அவளைக் கட்டிப்போட்டது அவர் கேட்கும் விதம். எவ்வளவு அபத்தமான விடையாக இருந்தாலும், சொல்லி முடிக்கும் வரை சாக்பீஸை உயர்த்தமாட்டார். சொன்னவனுடைய வார்த்தையையே எழுதுவார். தன் வார்த்தையை நுழைக்கமாட்டார். எழுதிவிட்டு, "இதானே சொன்னீங்க?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வார். அந்த மணிக்காக அவள் தினமும் முதல் ஆளாக வந்து, தூண் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். ஆனால் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. நீச்சல் தெரியாதவள் கரையில் நின்று மற்றவர்கள் குதிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வருவதற்கு முந்தின நாள் வந்தது கண்ணாடிப் பாடம்.

"சுவத்துல ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கு. முகமும் தோளும் தெரியுது. கால் வரைக்கும் பாக்கணும். என்ன செய்யணும்?"

"பெரிய கண்ணாடி வேணும் மேடம். நம்ம உயரத்துல பாதி இருந்தா போதும்" என்றான் முந்திரிக்கொட்டை. அது மூலைக்குப் போனது.

"வேற?"

அவளுக்கு விடை தொண்டை வரை வந்து நின்றது. வழக்கமாக அங்கிருந்து திரும்பிப் போய்விடும். இன்றைக்கு, நாளை இந்நேரம் வண்டியில் போய்க்கொண்டிருப்போம், இவர்கள் யாரும் இனி நம்மைப் பார்க்கப்போவதில்லை என்று தோன்றியது. போகிறவளுக்கு என்ன மானக்கேடு.

"பின்னாடி நகர்ந்தா போதும்" என்றாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ரேடியோ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். முந்திரிக்கொட்டை சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். பாதிப் பேர் மனசுக்குள் அதையே நினைத்திருந்தது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. மேடம் சிரிக்கவில்லை. "பின்னாடி நகர்ந்தா போதும்" என்று நடுப்பலகையில் எழுதி, "இதானேம்மா சொன்னே?" என்றார்.

சின்னது கிடைக்காமல், ஆய்வக உதவியாளர் அரை ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். எதையும் திருகி இறுக்காமல் விடமாட்டார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் திருகாணி. மார்புக்குக் கீழே தெரியாத உயரத்தில், சுவரோடு ஒட்டினாற்போல் கண்ணாடியை நான்கு மூலையிலும் முடுக்கிவிட்டு, "உடைஞ்சா என் தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கண்ணாடி முன் நின்றாள். மார்பு வரை தெரிந்தது. பின்னால் நகர்ந்தாள். உருவம் சின்னதானது, ஆனால் மார்பு வரைதான் தெரிந்தது. கடைசிச் சுவர் வரை போய் நின்றாள். அப்போதும் அதே மார்பு.

"எங்க வீட்ல தெரியும்" என்றாள். காது மடல் சுட்டது. "நான் தினம் பாத்திருக்கேன்."

"பாத்திருக்கேன்னா அது நடந்திருக்கு. அப்ப கேள்வி எங்கயோ இருக்கு" என்றார் மேடம். வகுப்பு முழுவதும் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. மணியடித்ததும் மேடம் சாக்பீஸை வைத்துவிட்டு, "எனக்கும் தெரியல. நாளைக்குப் பாப்போம்" என்றார். ஓர் ஆசிரியர் 'தெரியல' என்ற சொல்லை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

அன்று மாலை விடுதியில் கை கழுவும் இடத்தில் வரிசை நகரவில்லை. கண்ணாடி முன் நின்ற ஒவ்வொருத்தியும் பின்னால் போய்ப் போய்ப் பார்த்து, பின்னால் நின்றவள் காலை மிதித்துக்கொண்டிருந்தாள். "இந்தா, பின்னாடி போற பொண்ணு வந்துட்டா" என்று ஒருத்தி அவளுக்கு வழி விட்டாள். பெயரே தெரியாத இன்னொருத்தி, "உங்க வீட்டுக் கண்ணாடி ரொம்பப் பழசோ?" என்று விசாரித்தாள். சாப்பாட்டு அறையில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். இத்தனை நாளில் அது முதல் தடவை.

ரேடியோதான் சொன்னாள். "உங்கம்மாவுக்குப் போனப் போடு. அங்க நெஜமா தெரியுதான்னு பாக்கச் சொல்லு."

அம்மா அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள்.

"பெட்டி கட்டிட்டியா? அண்ணன் விடியக்காலையில கெளம்பறான்."

"கட்டிட்டேன்மா. கண்ணாடி முன்னாடி கொஞ்சம் நில்லேன்."

"இப்ப எதுக்கு? தலையெல்லாம் பரட்டையா இருக்கு."

"தலையப் பாக்க இல்லம்மா. என்ன தெரியுது, சொல்லு."

"என்ன தெரியும்? புடவை தெரியுது, காலு தெரியுது."

"முகம்?"

"கிட்ட நின்னா எப்படித் தெரியும்?"

"பின்னாடி போ."

"பின்னாடி கட்டில் இருக்குடி."

"கட்டில் வரைக்கும் போ."

சற்று நேரம் காலடிச் சத்தம் கேட்டது. "இப்ப மூஞ்சி தெரியுது. இதுல என்ன அதிசயம்? உனக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?"

ரேடியோ போனைப் பிடுங்கி, "அம்மா, அவ நல்லாத்தான் இருக்கா. கண்ணாடிக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

மறுநாள் காலை அண்ணன் சொன்னபடி வந்துவிட்டான். ஓட்டல்களில் எடுத்த படுக்கை விரிப்பு மூட்டைகள் வண்டியில் பாதியை அடைத்திருந்தன; மாலைக்குள் அவற்றை வெளுக்கப் போட வேண்டும். பெட்டியை மூட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டு, "ஏறு, பாப்பா" என்றான்.

"ஒரே ஒரு கிளாஸ் இருக்குண்ணா. முடிச்சிட்டு வந்துடறேன்."

"விட்டுட்டுப் போற காலேஜுல எதுக்கு கிளாஸு?"

"என் விடை ஒண்ணு போர்டுல இருக்கு."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூடவே வந்தான். வாசலில் அவன் தயங்குவதைப் பார்த்த மேடம், "அண்ணனா? உள்ள வாங்க, பின்னாடி இடம் இருக்கு" என்றார். கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க, வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி அவன் உட்கார்ந்தான்.

மேடம் ஒரு புடைத்த கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். "ராத்திரி யோசிச்சேன். இந்த மாதிரி வளைஞ்ச கண்ணாடியில பின்னாடி போனா அதிகமாத் தெரியும். இதுவும் உன் விடைக்கு ஒரு கேள்விதான். உங்க வீட்டுக் கண்ணாடி இப்படி இருக்குமா?"

அவள் வாயைத் திறக்கும் முன் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "இல்லைங்க. நான்தாங்க வாங்கினேன். நல்ல கடையில, பாத்துப் பாத்து வாங்கினது. தட்டையாத்தான் இருக்கும்."

வகுப்பு சிரித்தது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மேடம். "நீங்களும் அந்தக் கண்ணாடியத்தானே பாக்கறீங்க? நீங்க சொல்லுங்க, அதிகமாத் தெரிய என்ன செய்யணும்?"

அண்ணன் எழுந்து நின்றான். சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தான். "பின்னாடி எதுக்குங்க போகணும்? கண்ணாடிகிட்டப் போனாத்தான் அதிகமாத் தெரியும். நான் ஷேவ் பண்றப்ப அப்படித்தான்."

இந்தத் தடவை கூரை அதிரச் சிரித்தார்கள். மேடம் திரும்பி, அவளுடைய விடைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "கிட்டப் போனால்தான் அதிகமாகத் தெரியும்" என்று எழுதினார். பிறகு பார்த்து, 'போனால்தான்' என்பதை அழித்து, அவன் சொன்னபடியே 'போனாத்தான்' என்று திருத்தினார். "இதானே சொன்னீங்க?"

"ஆமாங்க" என்று அண்ணன் உட்கார்ந்தான். அவன் காது சிவந்திருந்தது. ஆனால் பார்வை பலகையை விட்டு நகரவில்லை.

திருகாணி நேற்றைய கண்ணாடியை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார். முடுக்கியதை மாலையே கழற்றியிருந்தார். "இனி சுவத்துல கை வைக்க மாட்டேன். ஏற்கெனவே சல்லடையா இருக்கு. நீங்களே எப்படியோ வச்சுக்குங்க" என்று அதை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. கண்ணாடியைத் தரையில் நிறுத்தி, மேல் விளிம்பைச் சுவரில் சாய்த்தாள். ஊரில் அவர்களுடையது வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. கடிகாரம் அலமாரி மேல் இருக்கும், கண்ணாடி தரையில் இருக்கும். குடி போன நாளிலிருந்து அவள் கண்ணாடியை வைத்த விதம் அது ஒன்றுதான்.

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் தன் முழங்கால் தெரிந்தது. ஓர் அடி பின்னால் போனாள். இடுப்பு தெரிந்தது. இன்னும் போனாள். தோள், கழுத்து. மேசையில் இடித்துக்கொண்டு நின்றபோது, பாதம் முதல் தலை வரை அவள் முழுதாகக் கண்ணாடிக்குள் இருந்தாள்.

"மேடம்" என்றாள். கண்ணாடியைக் காட்டினாள்.

மேடம் ஓடிவந்து அவள் இடத்தில் நின்று பார்த்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி போனார். "அட" என்றார். அதற்குள் வகுப்பே எழுந்து வரிசை கட்டியிருந்தது. பலகையில் முந்திரிக்கொட்டை சாய்ந்த கோடு ஒன்று போட்டு, கண்ணிலிருந்து ஒரு கோடும் காலிலிருந்து ஒரு கோடும் இழுத்துப் பார்த்தான். எங்கோ இடித்தது. சாக்பீஸை அவளிடம் நீட்டி, "நீ போடு. உன் கண்ணாடிதானே" என்றான்.

அவளுக்கு அது சந்தேகமில்லாமல் தெரியாது. ஆனாலும் போட்டாள். பாதியில் தப்பாகப் போனது. ரேடியோ பெஞ்சிலிருந்தே கத்திச் சொன்னாள். அழித்து மறுபடி போட்டாள். சாய்ந்த கண்ணாடிக்குக் கால் பக்கத்தில் இருக்கிறது, கண் தள்ளி இருக்கிறது. அருகில் நின்றால் அந்த வித்தியாசம் பெரிது. பின்னால் போகப் போக இரண்டின் தூரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. கண்ணாடியில் கண்ணுக்கு நேரான இடமும் கீழே இறங்கிவருகிறது. அதைச் சொல்லி முடித்தபோதுதான், தான் இவ்வளவு நேரம் எல்லோருக்கும் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தது அவளுக்குப் புரிந்தது. மணியடித்து வெகு நேரமாகி, வேதியியல் ஆசிரியர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதும்மா" என்றார் மேடம்.

தன் விடைக்குக் கீழே அவள் எழுதினாள்: 'சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடியில் தலை தெரியவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்?' பிறகு துணியை எடுத்து, இரண்டையும் அவளே துடைத்தாள். பக்கத்தில் அண்ணனுடைய விடை அப்படியே இருந்தது.

வெளியே வந்தபோது அண்ணன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். விரிப்புகளுக்கு நேரமாகிறது என்று அவன் சொல்லவில்லை.

"அண்ணா."

"சொல்லாத. தெரியும்." சாவியை விரலில் சுற்றினான். "அந்த ஆபீஸ்காரர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? வருஷம் பூரா அவர் சட்டைக்கு ஓசியில கஞ்சி போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

"போட்டுக் குடு. நல்ல மனுஷன்தானே."

"சிரிக்காத, பாப்பா. கணக்குல கோட்டை விட்டியே, அது?"

"ஞாயித்துக்கிழமை ரேடியோவும் நானும் உக்காந்து போடப் போறோம். அவளும் ஃபெயில்."

"அவளா? அந்தப் பேச்சு பேசறா."

"பேச்சுக்கு மார்க் இல்லையேண்ணா."

"மறுபடியும் ஃபெயில் ஆனா?"

"ஆகலாம்" என்றாள். வீட்டில் யாரிடமும் அவள் இதுவரை சொல்லாத வார்த்தை அது. அண்ணன் கட்டடத்தின் பக்கம் திரும்பினான்.

"என்னோடத அழிச்சிட மாட்டாங்களே?"

"கேள்வி கெடைக்கற வரைக்கும் அழிக்க மாட்டாங்க."

"யார் தேடுவா? எனக்குக் கடை இருக்கு."

"திங்கக்கிழமை தேடுவோம்."

"கெடைச்சா போன் பண்ணு. ராத்திரி ஆனாலும் பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே, அண்ணன் வண்டியின் பின்கதவைத் திறந்து, மூட்டைகளுக்கு அடியில் சிக்கியிருந்த பெட்டியைப் பிடித்து இழுத்தான்.